அந்தச் சத்தம் கேட்டதா என்று முதலில் கேளுங்கள்

மூளைத் தூண்டல் ஆய்வுகளை வெளியிடும் ஆய்விதழ்களின் ஆசிரியர்களுக்கும் மதிப்பாய்வாளர்களுக்கும்,

வணக்கம்.

மண்டையைத் திறக்காமல் வெளியிலிருந்தே மூளையைத் தூண்டிப் பார்க்கும் ஆய்வுக்கூடம் ஒன்றில் பல ஆண்டுகளாக வேலை செய்கிறேன். கட்டுரைகளில் என் பெயர் வந்தால் கடைசியில், நன்றி சொல்லும் பத்தியில் வரும். பங்கேற்க வருபவரை நாற்காலியில் உட்காரவைப்பது, தலையை அளந்து குறியிடுவது, ஜெல் தடவுவது, காந்தத் துடிப்பை உண்டாக்கும் கம்பிச்சுருளான காயிலை அசையாமல் பிடித்துக்கொள்வது, எல்லாம் முடிந்ததும் தலையைத் துடைத்துவிட்டு வழியனுப்புவது என் வேலை. அதனால் எழுந்து போகிறவர் வாசலில் நின்று சொல்லும் வார்த்தை பெரும்பாலும் என் காதில்தான் விழும்.

அப்படி விழுந்த ஒரு வார்த்தைதான் இந்த மடலை எழுத வைத்தது. காதுக்கு எட்டாத உயர் அதிர்வெண் ஒலியான மீயொலியைக் கொண்டு மூளையின் ஒரு சிறு பகுதியைத் தூண்டும் ஆய்வு அது. பாதி முறை நிஜத் தூண்டல், மீதிப் பாதி போலித் தூண்டல். எது எப்போது வருகிறது என்று பங்கேற்பவருக்குத் தெரியக் கூடாது. தெரியாது என்றுதான் நாங்களும் நம்பியிருந்தோம். ஓர் இளைஞர் கிளம்பும்போது சாதாரணமாகக் கேட்டார்: "அக்கா, நடுநடுவில 'கீ'ன்னு ஒரு சத்தம் வந்துச்சே, அது வந்தா நிஜம், வரலைன்னா சும்மா. அப்படித்தானே?"

அவர் எதையும் துப்பறிந்து கண்டுபிடிக்கவில்லை. அந்தச் சத்தமும் ஆய்வின் ஒரு பகுதி என்று நினைத்திருந்தார். எங்கள் படிவத்தில் வலி இருந்ததா, சூடு தெரிந்ததா, எரிச்சல் உண்டா, தலை சுற்றியதா என்றெல்லாம் வரிசையாகக் கேள்விகள் இருந்தன. ஏதாவது காதில் கேட்டதா என்ற கேள்வி மட்டும் இல்லை. அதற்கு முன் வந்தவர்களைத் திரும்ப அழைத்துக் கேட்டோம். பலரும் அதையே சொன்னார்கள். ஒருவர், "நீங்க கேக்கலை, அதான் நான் சொல்லலை" என்றார். அந்தத் தரவு கட்டுரையாகவில்லை. அதற்காகத் தங்கள் நேரத்தையும் தலையையும் எங்களிடம் ஒப்படைத்தவர்களுக்கு நான் என்ன பதில் சொல்வது என்று இன்றும் தெரியவில்லை.

பிழை எங்களுடையது. ஆனால் இந்தப் பிழையைத் தடுக்கும் சாவி உங்கள் கையில் இருக்கிறது. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

நீங்கள் அறிந்த விஷயத்தையே கொஞ்சம் சொல்ல அனுமதியுங்கள். 1985-இல் ஷெஃபீல்டில் ஆந்தனி பார்க்கரும் அவருடைய குழுவினரும் காந்தப் புலத்தைக் கொண்டு மனித மூளையில் உடலசைவை ஆளும் இயக்கப் புறணியைத் தூண்டிக் காட்டினார்கள். கையில் ஒரு தசை துள்ளியது. அந்த நாளிலிருந்து இன்றுவரை, இப்படி மண்டைக்கு வெளியிலிருந்து காந்தத்தால் தூண்டும் டி.எம்.எஸ். கருவி 'டக்' என்ற சத்தத்தோடுதான் வேலை செய்கிறது. மின்தேக்கியில் சேர்த்துவைத்த மின்சாரம் ஒரு மில்லிநொடிக்கும் குறைந்த நேரத்தில், ஆயிரக்கணக்கான ஆம்பியர் அளவில், செப்புச் சுருளுக்குள் பாய்கிறது. சுருளின் கம்பிகள் ஒன்றையொன்று உந்தித் தள்ளுகின்றன, உறை அதிர்கிறது. தூண்டலை உண்டாக்கும் அதே மின்னோட்டம்தான் சத்தத்தையும் உண்டாக்குகிறது. அதனால் தூண்டலின் வலிமையைக் கூட்டினால் சத்தமும் கூடும். இதை ஒரு கணம் யோசித்துப் பாருங்கள்: தூண்டலின் அளவு கூடக் கூட விளைவும் கூடுகிறது என்று காட்டும் அந்த அழகான ஏறுகோட்டை, சத்தத்தின் அளவு கூடக் கூட என்று மாற்றி எழுதினாலும் கோடு அப்படியே ஏறும்.

காதுக்கு அருகே இந்தச் சத்தத்தின் உச்சம் 100 டெசிபலை எளிதில் தாண்டும். 1990-இல் முயல்களை வைத்துச் செய்த ஆய்வொன்று, காயிலின் சத்தம் மட்டுமே நிரந்தரமான செவிக்குறைவை உண்டாக்கக்கூடும் என்று காட்டியது. பங்கேற்பவருக்கும் காயில் பிடிப்பவருக்கும் காதடைப்பான் வேண்டும் என்று பாதுகாப்பு வழிகாட்டிகள் சொல்கின்றன. அதைப் பெரும்பாலான கூடங்கள் மதிக்கின்றன. ஆனால் காதைக் காப்பதும் சத்தத்தை ஆய்விலிருந்து விலக்குவதும் வேறு வேறு வேலைகள். காதடைப்பான் முதல் வேலையைச் செய்கிறது. இரண்டாவது வேலையையும் அதுவே செய்துவிட்டதாக எண்ணிக்கொள்வதில்தான் தவறு தொடங்குகிறது.

ஏனென்றால் காயில் தலையைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. அதன் அதிர்வு காற்று வழியாக மட்டுமல்லாமல் மண்டையோட்டெலும்பு வழியாகவும் நேராக உட்செவிக்குப் போகிறது. ஹெல்சிங்கியில் நிக்கூலின், ரூவோனென், இல்மோனியமி ஆகியோர் இந்தச் சத்தம், மூளையின் மின்னலைகளைப் பதியும் ஈ.ஈ.ஜி.யில் விட்டுச்செல்லும் தடத்தை 1999-லேயே ஆராய்ந்து எழுதிவிட்டார்கள். செவித்துளையை அடைத்துக்கொண்டு பேசிப் பார்த்தால் நம் குரலே உள்ளே முழங்குவது எல்லோருக்கும் தெரிந்த அனுபவம். அதே காரணத்தால், எலும்பு வழியே வரும் தாழ்ந்த அதிர்வெண்கள் காதை அடைத்த பிறகு முன்னிலும் உரக்கக்கூடக் கேட்கலாம். "பங்கேற்பாளர்கள் காதடைப்பான் அணிந்திருந்தனர்" என்ற ஒற்றை வரியை வழிமுறைப் பகுதியில் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கலங்குவது இதனால்தான். அந்த வரி எந்தக் கேள்விக்கும் பதிலாகாது.

சத்தம் கேட்டால் மூளை சும்மா இருப்பதில்லை. திடீர் ஒலி ஒன்று கேட்ட சுமார் 100 மில்லிநொடியில் ஈ.ஈ.ஜி.யில் ஓர் இறக்கமும் 200 மில்லிநொடிக்குச் சற்று முன்னே ஓர் ஏற்றமும் தலையின் உச்சியில் பெரிதாகத் தெரியும். டி.எம்.எஸ்.ஸோடு ஈ.ஈ.ஜி. பதியும் ஆய்வுகளில், தூண்டலுக்கு மூளை தந்த பதில் என்று நாம் அளக்கும் அலைகளும் அதே நேரத்தில் அங்கேயே வருகின்றன. சத்தம் ஆளை விழிப்பூட்டுகிறது. ஒரு பொத்தானை அழுத்தச் சொல்லியிருந்தால் கை சற்று முன்னதாகவே அழுத்துகிறது. தூண்டல் வேகத்தைக் கூட்டியது என்று எழுதுவதற்கு முன்னால், 'டக்' கூட்டியிருக்குமோ என்று பார்க்க வேண்டாமா?

2019-இல் கோபன்ஹேகன் குழுவினர் ஒரு போலித் தூண்டலை அமைத்தார்கள். காயிலின் சத்தமும் இருந்தது, உச்சந்தோலில் மின்சாரத்தால் ஒரு சுண்டலும் இருந்தது. மூளைக்குள் தூண்டல் மட்டும் இல்லை. வந்த அலைகள் நிஜத் தூண்டலின் அலைகளை வெகுவாக ஒத்திருந்தன. துறையே அதிர்ந்தது. அதே ஆண்டில் வேறு பல ஆய்வர்கள் சேர்ந்து மறுமொழி எழுதினார்கள்: தூண்டல் போதிய வலிமையில் இல்லை, சத்தம் சரியாக மறைக்கப்படவில்லை, முறையாகச் செய்தால் மூளையின் சொந்தப் பதிலைப் பிரித்தெடுக்க முடியும் என்பது அவர்கள் வாதம். இரு தரப்பையும் பலமுறை படித்தேன். என் கணிப்பில் இருவரும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறார்கள்: கருவியின் சத்தத்தை மூட ஒலிக்கவிடும் மறைப்பொலி சரியாக இருந்ததா என்று ஒவ்வொருவரிடமும் சோதித்துப் பார்க்காதவரை எந்த அலையையும் நம்ப முடியாது.

மீயொலிக்கு வருகிறேன். எனக்கு அதிகம் வலிக்கிற இடம் இது.

மீயொலி என்ற பெயரே நம்மை ஏமாற்றிவிட்டது. மனிதக் காது சுமார் 20 கிலோஹெர்ட்ஸ் வரை கேட்கும். மூளைத் தூண்டலுக்குப் பயன்படும் மீயொலி பல நூறு கிலோஹெர்ட்ஸ். கேட்காது என்பது சரிதான், விட்டுவிட்டு அனுப்பாமல் மெல்லத் தொடங்கி ஒரே சீராக அனுப்பினால். நாமோ துடிப்பு துடிப்பாக அனுப்புகிறோம். நொடிக்கு 1000 துடிப்பு என்றால் மண்டையோடு நொடிக்கு 1000 முறை மெல்லத் தள்ளப்படுகிறது. அது 1000 ஹெர்ட்ஸ். காது மிக நன்றாகக் கேட்கும் எல்லைக்குள் இருக்கும் ஒலி. எங்கள் இளைஞர் கேட்ட 'கீ' அதுதான். துடிப்பு ஒவ்வொன்றும் சதுர வடிவில் சட்டென்று தொடங்கிச் சட்டென்று நின்றால், அந்தக் கூர்மையான ஓரங்களே கூடுதலான ஒலிகளைப் பிறப்பிக்கின்றன.

2018-இல் ஒரே ஆய்விதழில் இரண்டு கட்டுரைகள் வந்தன. கலிஃபோர்னியாவில் சாட்டோ, ஷபிரோ, ட்சாவ் ஆகியோர் எலிகளின் பார்வைப் புறணிக்கு மீயொலியைச் செலுத்தினார்கள். மூளையின் பரந்த பகுதிகள் விழித்துக்கொண்ட விதம், சாதாரணச் சத்தம் ஒன்றைக் கேட்டால் விழித்துக்கொள்ளும் விதத்தைப் போலவே இருந்தது. மினசோட்டாவில் இன்னொரு குழுவினர் கினிப் பன்றிகளின் செவி நரம்பைத் துண்டித்தார்கள், சிலவற்றில் உட்செவியின் திரவத்தை அகற்றினார்கள். மீயொலி தூண்டியதாகக் கருதப்பட்ட செயல்பாடு காணாமல் போயிற்று. இதைப் படித்துவிட்டு மீயொலி முழுதும் பொய் என்று சிலர் முடிவுகட்டினார்கள். அதுவும் அவசரம். அடுத்த ஆண்டே, பிறவியிலேயே காது கேளாத எலிகளிலும் மீயொலி தசை அசைவை உண்டாக்குகிறது என்றும், துடிப்பின் ஓரங்களை மழுக்கினால் செவிப் பதில் அடங்கியும் அசைவு தொடர்கிறது என்றும் ஸ்டான்ஃபோர்டில் காட்டினார்கள். ஆக, உள்ளே உண்மையான விளைவு ஒன்று இருக்கிறது. அதன்மேல் சத்தம் ஒரு போர்வைபோலக் கிடக்கிறது. போர்வையை விலக்கும் பொறுமைதான் வேண்டியிருக்கிறது.

மனிதர்களிலும் சத்தத்தின் இந்தப் பங்கு நிரூபணமானது. மீயொலி இயக்கப் புறணியை அடக்குகிறது, அதனால் டி.எம்.எஸ். உண்டாக்கும் தசைத் துள்ளல் குறைகிறது என்று முன்பு சில ஆய்வுகள் சொல்லியிருந்தன. 2024-இல் பல ஆய்வுக்கூடங்கள் சேர்ந்து அதை மீண்டும் செய்து பார்த்தன. துள்ளல் குறைந்தது. மீயொலியை வேறு இடத்தில் செலுத்தியபோதும் குறைந்தது. மீயொலியே இல்லாமல் அதைப் போன்ற சத்தத்தை மட்டும் ஒலிக்கச் செய்தபோதும் குறைந்தது. சத்தம், 'இதோ வரப்போகிறது' என்று முன்கூட்டியே தட்டிச் சொல்லும் ஒரு கையாக இருந்திருக்கிறது. தங்கள் துறையின் நம்பிக்கையையே தாங்களே பிரித்துப் போட்டுப் பார்த்த அந்த ஆய்வர்கள்மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு.

மறைப்பது எப்படி என்பதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஏனென்றால் "வெள்ளை இரைச்சல் ஒலிக்கச் செய்யப்பட்டது" என்ற வரியும் (எல்லா அதிர்வெண்களும் சமமாகக் கலந்த இரைச்சல் அது) காதடைப்பான் வரியைப் போலவே எல்லாக் கட்டுரைகளிலும் ஏறி உட்கார்ந்துகொண்டுவிட்டது.

காயிலின் 'டக்'கை மூடுவதற்குச் சிறந்த இரைச்சல் அந்த 'டக்'கிலிருந்தே செய்யப்படுவது. கருவியின் சத்தத்தைப் பதிவுசெய்து, அதில் எந்த அதிர்வெண்கள் ஓங்கியிருக்கின்றனவோ அவற்றைக் கொண்டே, நேர வரிசையைக் கலைத்து, ஓயாத இரைச்சலாக ஒலிக்க விட வேண்டும். அப்படிச் செய்தால் வெறும் வெள்ளை இரைச்சலைவிடத் தாழ்ந்த ஒலியளவிலேயே 'டக்' மூடிக்கொள்ளும். காதுக்கும் கேடு குறைவு. செவிக்குள் பொருந்தும் இயர்ஃபோன், அதன்மேல் வெளிச்சத்தத்தைத் தடுக்கும் உறை, காயிலுக்கும் தலைக்கும் நடுவே மெல்லிய நுரைத்தகடு என்று மூன்றையும் சேர்த்துக்கொண்டால் எலும்பு வழியும் ஓரளவு அடங்கும். பிறகு ஆய்வில் பயன்படுத்தப்போகும் அதே வலிமையில், அதே இடத்தில் காயிலை வைத்து, "கேட்கிறதா?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்க வேண்டும். கேட்கிறது என்றால் இரைச்சலைப் பாதுகாப்பான எல்லைக்குள் கொஞ்சம் கூட்ட வேண்டும். அப்படியும் கேட்டால், கேட்கிறது என்று எழுதிவைக்க வேண்டும். இந்தக் கடைசி வேலைக்கு எந்தக் கருவியும் தேவையில்லை, நேர்மை மட்டும் போதும்.

மீயொலியில் முதலில் செய்ய வேண்டியது மறைப்பது கூட இல்லை. சத்தம் பிறக்காமலே பார்த்துக்கொள்வது. துடிப்பின் ஓரங்களைச் சரிவாக்கலாம். துடிப்பின் வேகத்தைக் காதுக்கு எட்டாத இடத்துக்கு நகர்த்தலாம். இவை தூண்டலின் அளவையும் மாற்றும் என்பது உண்மை. மாறிய அளவைக் கணக்கிட்டுச் சொன்னால் போயிற்று. மிச்சமிருக்கும் சத்தத்துக்கு, அதே அதிர்வெண்ணைச் சுற்றிப் பல தொனிகளைக் கலந்து மறைப்பொலி செய்யலாம், எலும்பு வழி ஹெட்ஃபோனில் கொடுக்கலாம்.

மறைப்பொலியை நிஜத் தூண்டலின்போது மட்டும் ஒலிக்கவிட்டு, போலியின்போது அமைதியாக விட்ட ஒரு திட்டத்தை நான் பார்த்திருக்கிறேன். கேட்டால், "போலியில் மறைக்க என்ன இருக்கிறது?" என்றார்கள். மறைக்கவந்த இரைச்சலே அங்கே புதிய அடையாளமாகிவிட்டது. இரைச்சல் எல்லாச் சுற்றிலும், தூண்டல் தொடங்குவதற்கு நன்றாக முன்னிருந்தே, ஒரே அளவில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். இரைச்சலும் மூளையைத் தொடுகிற ஒன்றுதான். அதைக் கேட்டுக்கொண்டே கவனம் செலுத்துவது ஒரு சுமை. ஆகவே இரைச்சல் மட்டும் இருக்கிற சுற்று ஒன்றும் வேண்டும்.

பங்கேற்பவர்களின் காதுகளும் ஒன்றுபோல் இருப்பதில்லை. வயது ஏற ஏற உயர்ந்த அதிர்வெண்கள் முதலில் மங்குகின்றன. காயிலின் சத்தமோ சில ஆயிரம் ஹெர்ட்ஸ் பகுதியில் ஓங்கியது. இளையோரையும் முதியோரையும் ஒப்பிட்டு, முதியோரின் மூளை மெல்லப் பதிலளிக்கிறது என்று எழுதும் கட்டுரையில் செவிச் சோதனையின் முடிவு இல்லையென்றால், மூளை மூத்ததா காது மூத்ததா என்று வாசகர் எப்படி அறிவார்? காதிரைச்சல் நோய்க்கும், இல்லாத குரல்கள் கேட்கும் நோய்க்கும் டி.எம்.எஸ். பயன்படுமா என்று தேடும் ஆய்வுகளை நினைத்தால் இன்னும் கவலையாக இருக்கிறது. அங்கே நோயே ஒலியைப் பற்றியது. ஒரு அமர்வில் நூற்றுக்கணக்கான, சில சமயம் ஆயிரத்துக்கும் மேலான 'டக்'குகளை அந்தக் காதருகே ஒலிக்கவிட்டு, மாறியது காந்தத்தால் என்று எப்படித் துணிந்து சொல்வது?

மனச்சோர்வுக்கு டி.எம்.எஸ். சிகிச்சை தேடி வருபவர்கள் எத்தனையோ நாள் எத்தனையோ மருந்துகளைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். நிஜமா போலியா என்று தெரியாத ஆய்வில் பெயர் கொடுக்கிறவர், தனக்குப் போலி கிடைத்தாலும் பின்னால் வருபவருக்கு நல்லது நடக்கட்டும் என்றுதான் கொடுக்கிறார். சத்தமும் தோலின் சுண்டலும் அவருக்கு உண்மையைக் காட்டிக்கொடுத்துவிட்டால் அந்தக் கொடை வீணாகிறது.

இத்தனையும் தெரிந்த பின்னும் ஆய்வுக்கூடங்கள் ஏன் செய்வதில்லை? ஆய்வர்களுக்கு நேர்மை இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். நான் பார்த்தவர்களில் பெரும்பாலோர் உறங்காமல் உழைப்பவர்கள். காரணம் எளிது. மறைப்பொலியைச் சரிபார்க்க ஒவ்வொருவருக்கும் நேரம் பிடிக்கும். சரிபார்த்த பின் விளைவு சுருங்கலாம், மறைந்தும் போகலாம். சுருங்கிய விளைவை எடுத்துக்கொண்டு உங்களிடம் வந்தால், "புதுமை போதாது" என்று திருப்பி அனுப்புகிறீர்கள். சத்தத்தைச் சோதிக்காமல் பெரிய விளைவோடு வந்தவரின் கட்டுரை அச்சேறுகிறது. சோதித்தவர் தண்டிக்கப்படுகிறார், சோதிக்காதவர் பரிசு பெறுகிறார். இளம் ஆய்வர் ஒருவர் இதைப் பார்த்து என்ன கற்றுக்கொள்வார் என்று நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

ஆகவே என் வேண்டுகோள் உங்களுக்குத்தான். காயிலின் இடமும் தூண்டலின் வலிமையும் இல்லாத கட்டுரையை நீங்கள் ஏற்பதில்லை. அதே கண்டிப்போடு, பங்கேற்றவர்களில் எத்தனை பேருக்குச் சத்தம் கேட்டது, அதை எப்படிச் சோதித்தார்கள், நிஜத்தையும் போலியையும் எத்தனை பேர் சரியாகச் சொன்னார்கள் என்பதைக் கேளுங்கள். இரண்டில் ஒன்றை ஊகித்தால் பாதி சரியாக வரும். அதற்கு மேலே போனால் மறைப்பு உடைந்திருக்கிறது என்று வாசகரே கணக்குப் போட்டுக்கொள்வார். மறைப்பொலியின் பதிவையே கட்டுரையோடு இணைக்கச் சொல்லுங்கள், ஓர் ஒலிக்கோப்புதானே. சத்தம் கேட்டது என்று ஒப்புக்கொள்ளும் கட்டுரையை அதற்காகவே நிராகரிக்காதீர்கள். ஒப்புக்கொள்வதற்கு இடம் கொடுத்தால்தான் ஒப்புக்கொள்வார்கள். சத்தத்தை நீக்கியதும் விளைவு மறைந்தது என்று எழுதி வருபவர்களுக்கு, விளைவு இருந்தது என்று எழுதி வருபவர்களுக்குக் கொடுக்கும் அதே பக்கங்களைக் கொடுங்கள்.

கருவி செய்பவர்களிடமும் உங்கள் சொல் எடுபடும். துடிப்பை இன்னும் குறுக்கி, அதன் ஒலியைக் கேட்கும் எல்லைக்கு மேலே தள்ளி, சுருளைக் கனமான உறைக்குள் அடக்கினால் டி.எம்.எஸ்.ஸின் சத்தம் வெகுவாகக் குறையும் என்று டியூக் பல்கலைக்கழகத்தில் பீட்டர்செவ், கோட்ஸ் ஆகியோர் ஏற்கெனவே காட்டியிருக்கிறார்கள். காயில் எழுப்பும் சத்தத்தின் அளவும் அலைவரிசையும் விவரத்தாளில் இருக்க வேண்டும் என்று ஆய்விதழ்கள் கேட்கத் தொடங்கினால், ஆய்வர்கள் விற்பனையாளரிடம் கேட்பார்கள். அமைதியான காயிலுக்கு அப்போதுதான் சந்தை பிறக்கும்.

எங்கள் கூடத்தின் படிவம் மாறிவிட்டது. இப்போது முதல் கேள்வியே, "உங்கள் காதில் ஏதாவது கேட்டதா? எப்போது? எப்படி இருந்தது?" என்பதுதான். பதில் எழுத நான்கு வரி இடம் விட்டிருக்கிறோம். சிலர் அதற்கு மேலும் எழுதுகிறார்கள், கொசு ரீங்காரம் என்று, தூரத்தில் மணி அடிப்பது போல என்று, ஒன்றுமே கேட்கவில்லை என்று. அந்தத் தாள்கள் எல்லாம் என் மேசை இழுப்பறையில் பத்திரமாக இருக்கின்றன. அந்தப் பதில்களை எங்கே எழுதச் சொல்கிறீர்கள் என்று உங்கள் ஆசிரியர் வழிகாட்டியைத் திறந்து தேடினேன். அதற்கென்று ஓர் இடம் இல்லை. அடுத்த திருத்தத்தில் அந்த இடத்தை ஒதுக்கிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
காயில் பிடிக்கும் ஓர் ஆய்வுக்கூட உதவியாளர்